வித்துவானின் மனமும் ரசிகனின் பொறுமையும்

பழைய இசை ரசிகர்கள் இருவர் ஓரிடத்தில் கூடிவிட்டால், தாம் கேட்டு மகிழ்ந்த கச்சேரிகளைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. கேட்கப் போய் ஏமாந்து திரும்பிய கச்சேரிகளையும் அதே ஆர்வத்தோடு எடுத்துரைப்பார்கள். “அன்று அவர் வரவே இல்லை” என்று ஒருவர் தொடங்கினால், “எங்கள் ஊரில் வந்தார், ஆனால் பாடவில்லை” என்று மற்றவர் தொடர்வார். இழந்ததைப் பற்றிய பேச்சில் இத்தனை இன்பம் ஏன் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

புதுதில்லியில் மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் நமக்கு இவ்வகையில் ஒரு வசதி உண்டு. பக்கத்து மேசையில் வங்காளி அன்பர். எதிர் மேசையில் மராட்டிய அன்பர். குளிர்காலம் வந்து தலைநகரில் இசைவிழாக்கள் தொடங்கிவிட்டால், தேநீர் வேளையில் கோப்புகள் மூடப்படும், நினைவுகள் திறக்கும். கல்கத்தாவில் விடிய விடிய நடந்த ஒரு மாநாட்டில், சிதார் வித்துவான் ஒருவர் முக்கால் மணி நேரம் சுருதி கூட்டிக்கொண்டே இருந்ததையும், பாதிக் கூட்டம் எழுந்து போன பின்னர் வாசிக்கத் தொடங்கிப் பொழுது விடிந்த பின்பே நிறுத்தியதையும் வங்காளி அன்பர் கூறுவார். புனாவில் ஒரு பாடகி, முன்வரிசையில் இருந்தவர் பேசியதைப் பொறாமல், எடுத்த ராகத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து சென்றதை மராட்டிய அன்பர் கூறுவார். முன்னவர் சொல்வதில் பெருமை மிகுதியா, பின்னவர் சொல்வதில் வருத்தம் மிகுதியா என்று நம்மால் இன்றளவும் அறிந்துகொள்ள முடியவில்லை.

இப்பேச்சில் அடிக்கடி வரும் சொல் ‘மிஜாஜ்’ என்பது. தமிழில் இதனை ‘மனப்போக்கு’ என்றோ ‘மனநிலை’ என்றோ பெயர்க்கலாம். எனினும் முழுப்பொருளும் அதில் அடங்காது. வடநாட்டில் ஒருவரின் நலம் உசாவுவதற்கும் இச்சொல்லே பயன்படுகிறது. ஒருவரது செருக்கைக் குறை கூறுவதற்கும் இதுவே பயன்படுகிறது. வித்துவானின் மிஜாஜ் என்னும்போது, போற்றுகிறோமா, தூற்றுகிறோமா என்பது சொல்பவரின் குரலைப் பொறுத்தது. இந்த இரட்டைப் பொருளுக்குப் பின்னே ஒரு வரலாறு இருக்கிறது.

சமஸ்தானங்கள் இசையைப் புரந்த காலத்தில், நிச்சயமற்ற மனம் கலைஞருடையதாக இருக்கவில்லை. குவாலியர், பரோடா, கோல்காப்பூர், மைசூர் போன்ற அரசவைகளில், எப்பொழுது பாடுவது, எவ்வளவு நேரம் பாடுவது என்பதெல்லாம் புரவலரின் விருப்பம். நள்ளிரவில் அழைப்பு வந்தாலும் போக வேண்டும்; மன்னருக்கு அலுப்புத் தட்டினால் நிறுத்த வேண்டும். நம் தென்னாட்டுக் கோயில்களிலோ சுவாமி புறப்பாடே நாகசுரத்தின் நேரத்தை வகுத்தது. வீதியுலா விடியும்வரை நீண்டால் வாசிப்பும் விடியும்வரை நீண்டது. இரண்டிடத்திலும் கடிகாரம் இல்லை, நுழைவுச்சீட்டும் இல்லை. மனம் மாறும் உரிமை புரவலருக்கு மட்டுமே உரியதாக இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் இந்நிலையை மாற்றிற்று. விஷ்ணு திகம்பர் பலூஸ்கர் 1901ஆம் ஆண்டில் லாகூரில் காந்தர்வ மகாவித்தியாலயத்தை நிறுவினார். சீட்டு வாங்கி வருவோர் எவராயினும் கேட்கலாம் என்னும் பொதுக் கச்சேரி முறையை நாட்டில் பரப்பியவர்களுள் அவர் முதன்மையானவர். 1916ஆம் ஆண்டில் பாத்கண்டேயின் முயற்சியால் பரோடாவில் அனைத்திந்திய இசை மாநாடு கூடியது. இசை அரண்மனையிலிருந்து மண்டபத்திற்கு வந்தது. புரவலர் ஒருவர் என்பது போய், ஆயிரம் பேர் ஆயினர். அந்த ஆயிரவரில் ஒருவரும் வித்துவானுக்கு ஆணையிட முடியாது. கட்டளையிடும் வலிமை கேட்போரிடமிருந்து போயிற்று. மறுக்கும் வலிமை பாடுவோரிடம் வந்து சேர்ந்தது.

அதே வேளையில் கடிகாரமும் வந்தது. 1902ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் இசைத்தட்டுக்காகப் பாடினார். ஏறத்தாழ மூன்று நிமிடத்திற்குள் ராகத்தின் உருவைக் காட்டிவிட்டு, இறுதியில் தம் பெயரையும் ஆங்கிலத்தில் சொல்லி முடிக்க வேண்டியிருந்தது. அடுத்து வானொலி வந்தது. 1936ஆம் ஆண்டில் ‘அகில இந்திய வானொலி’ என்னும் பெயர் பெற்ற நிறுவனம், 1952ஆம் ஆண்டில் தேசிய இசை நிகழ்ச்சியைத் தொடங்கிற்று. சனிக்கிழமை இரவுகளில் காச்மீரம் முதல் குமரி வரை ஒரே வித்துவானை ஒரே நேரத்தில் கேட்கும் பேறு மக்களுக்குக் கிட்டியது. ஒலிபரப்பு அறையில் சிவப்பு விளக்கு எரிந்தால் பாட வேண்டும். குறித்த நொடியில் முடிக்க வேண்டும். தெற்கே அரியக்குடி இராமானுச ஐயங்கார் (1890–1967), வர்ணத்தில் தொடங்கிக் கிருதிகள், ராகம் தானம் பல்லவி, துக்கடாக்கள் எனச் செல்லும் கச்சேரி ஒழுங்கை நிலைபெறச் செய்தார். சபைக்கு வருபவர் தமக்குக் கிடைக்கப்போவது இன்னதென்று ஓரளவு அறிந்தே வரலாயினர்.

ஆகவே, ஒரு பக்கம் கலைஞருக்குப் புதிய உரிமை. மறு பக்கம் புதிய கட்டுப்பாடு. அக்கணத்தில் பிறந்து அக்கணத்திலேயே வளரும் கற்பனையை, அச்சிட்ட நிகழ்ச்சி நிரலுக்குள் அடைக்க வேண்டியதாயிற்று. இவ்விரண்டும் மோதிய இடத்திலேதான் நாம் பேசும் ‘மிஜாஜ்’ உருவாயிற்று என்பது நமது கருத்து.

இதற்குத் தென்னாட்டில் யாவரும் காட்டும் எடுத்துக்காட்டு புல்லாங்குழல் மாலி. 1926ஆம் ஆண்டில் திருவிடைமருதூரில் பிறந்த டி. ஆர். மகாலிங்கம், ஏழாம் வயதில் மயிலாப்பூரில் அரங்கேறினார். வாய்ப்பாட்டின் கமகங்கள் குழலில் முழுமையாக வர மாட்டா என்றிருந்த எண்ணத்தை, புதிய விரலமைப்பாலும் ஊதும் முறையாலும் மாற்றியவர் அவர். அம்முறை அவருடைய மாணவர் என். ரமணி போன்றோர் வழியாக இன்றும் வாழ்கிறது. அவரே குறித்த நேரத்திற்கு வாராமைக்கும், வந்தும் இடையில் எழுந்து செல்வதற்கும் பெயர் பெற்றவர். எனினும் அவர் பெயர் அறிவிக்கப்பட்டால் கூட்டம் குறைந்ததில்லை. இன்று வாசிப்பாரா என்னும் ஐயமே மண்டபத்தை நிறைத்தது எனலாம். 1986ஆம் ஆண்டில் அவர் மறைந்த பின்னும் அவரைப் பற்றிய கதைகள் மறையவில்லை. வாசித்த இரவுகளுக்கும் வாசிக்காத இரவுகளுக்கும் அக்கதைகளில் சரிபாதி இடமுண்டு.

அக்கதைகளைச் சொல்வோர் முகத்தில் புன்னகை இருக்கும். ‘மேதையின் விளையாட்டு’ என்று முடிப்பார்கள். ஆனால் இதே செயலை ஒரு பெண்மணி செய்தபோது, நம் நாட்டு ரசிகர்கள் வேறு சொல்லைத் தேடினர். ‘கர்வி’ என்றனர், ‘முன்கோபி’ என்றனர். இதனை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும்.

கேசர்பாய் கேர்க்கர் (1892–1977) கோவா நாட்டில் பிறந்தவர். அல்லாதியா கானிடம் நெடுங்காலம் கடுமையாகப் பயின்றவர். தமக்கு ஒவ்வாத சூழலில் பாட அவர் இசைந்ததில்லை; பதிவுக் கருவிகளை விரும்பியதும் இல்லை. பதிவை விரும்பாத அவரது குரல் ஒன்றே, 1977ஆம் ஆண்டில் வாயேஜர் விண்கலங்களின் பொன்தட்டில் இந்திய இசையின் சார்பில் இடம் பெற்றது. பைரவியில் அமைந்த அப்பாடல் மூன்றரை நிமிட அளவே. முதலாம் வாயேஜர் அவ்வாண்டு செப்டம்பர் 5ஆம் நாள் புறப்பட்டது. பதினொரு நாட்களில் கேசர்பாய் காலமானார்.

அவரோடு அதே ஆசிரியரிடம் பயின்ற மற்றொருவர் மோகுபாய் குர்டீகர் (1904–2001). அவருடைய மகள் கிஷோரி அமோன்கர், சிறுமியாகத் தாயின் பின்னால் தம்பூரா மீட்டியவாறு ஊர் ஊராகச் சென்றவர். தாய்க்கு அளிக்கப்பட்ட குறைந்த சன்மானத்தையும், வசதியற்ற பயணத்தையும், மதிப்பற்ற தங்குமிடத்தையும் அவர் கண்ணாரக் கண்டார். கலைஞர் என்னும் முறையில் தமக்கு அந்நிலை வரக்கூடாதென்று உறுதி கொண்டதைப் பிற்காலத்தில் அவரே பேட்டிகளில் கூறியிருக்கிறார். நேரம் கடந்து மேடைக்கு வந்தார், பேசியவர்களைக் கண்டித்தார் என்றெல்லாம் அவர்மீது குறை கூறியவர் பலர். 2017ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது எழுதப்பட்ட அஞ்சலிகளிலும் இச்செய்திகள் இடம் பெற்றன. ஆனால் புரவலர் சொற்படி பாடுவதே பெண்களின் கடமை என்று கருதிய ஒரு சமுதாயத்தில், ‘இப்போது பாட மாட்டேன்’ என்று சொல்லும் உரிமை எளிதாகக் கிடைத்ததன்று. தாய் வாய்விட்டுக் கேட்க இயலாததை மகள் மௌனத்தால் கேட்டார் என்றும் கொள்ளலாம் அன்றோ?

அப்படியாயின், கலைஞர் செய்வதெல்லாம் சரிதானா என்று கேட்கலாம். இக்கேள்விக்கு நம் அனுபவம் ஒன்றையே விடையாக வைக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் தில்லியில் தை மாதத்துக் கடுங்குளிரில் ஒரு வாய்ப்பாட்டு நிகழ்ச்சிக்கு நண்பர்கள் நால்வராகச் சென்றிருந்தோம். வித்துவானின் பெயர் இங்கு வேண்டா. ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார், அமர்ந்தார், தம்பூராவைக் கேட்டவாறு கண்களை மூடினார். இருபது நிமிடம் ஆலாபனை. அதில் ஒரு காந்தாரம் நின்ற நிலை இன்றும் நம் செவியில் நிற்கிறது. பின்னர் ஒலிபெருக்கியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். திரும்பி வரவில்லை.

வெளியே வரும்போது நாம் கண்ட காட்சிகள் மூன்று. பரீதாபாத்திலிருந்து முதிய தாயைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்திருந்த ஒருவர், கடைசி மெட்ரோ வண்டி போய்விடுமே என்று அவசரப்பட்டுக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி வைத்த இளைஞர், தவறு தம்முடையதோ என்று வெளிறிய முகத்தோடு கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தபலா வாசிக்க வந்திருந்தவர், ஒருமுறைகூடத் தட்டாத வாத்தியத்தை உறையிலிட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் எவரையும் குறை கூறவில்லை. “ஆலாபனை கேட்டீர்களா?” என்று மட்டும் நம்மைக் கேட்டார். அவருக்கு அன்று பேசிய ஊதியம் கிடைத்ததா என்று கேட்க நமக்குத் துணிவு வரவில்லை.

அந்தக் காந்தாரத்திற்காக நாம் அவ்வித்துவானை மன்னித்தோம். மறு ஆண்டும் சென்றோம். ஆனால் அம்மூவரின் சார்பில் மன்னிக்கும் உரிமை நமக்கு இல்லை. ரசிகர் கதைகளில் வித்துவான் இருப்பார், ரசிகர் இருப்பார். உறையிலிட்ட தபலாவும் சக்கர நாற்காலியும் இடம் பெறுவதில்லை. இவ்வரலாற்றில் விடுபட்ட பக்கம் இது.

இன்று காலம் மேலும் மாறிவிட்டது. 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிகளைப் பொதுவாகத் தடை செய்கின்றன. மூடிய அரங்குகளுக்கு விலக்கு உண்டு. 1953ஆம் ஆண்டு முதல் புனாவில் நடைபெற்றுவரும் சவாய் கந்தர்வர் விழா போன்ற திறந்தவெளி விழாக்கள் முழு இரவு வழக்கத்தைக் கைவிட நேர்ந்தது. உறங்கும் ஊரார்க்கு இவ்விதி நியாயமே. எனினும் பின்னிரவுக்குரிய ராகங்கள் தம் பொழுதை இழந்தன. வீட்டிலோ, வேண்டிய வித்துவான் வேண்டிய நேரத்தில் கைப்பேசியில் பாடுகிறார், எழுந்து போவதில்லை. பழைய அரசர்களுக்கு இருந்த அதிகாரம் விரல்நுனியில் நமக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது.

ஆயினும், பதிவில் கேட்டதைப் பற்றி எம் அலுவலகத்தில் எவரும் தேநீர் ஆறும்வரை பேசிக்கொண்டிருப்பதில்லை. ஆணையிட இயலாத இடத்தில் காத்திருந்து பெற்றதும், காத்திருந்து பெறாததுமே பேச்சாகின்றன. ஒப்பிட்டுப் பேசும் அந்தப் பழக்கமே, கட்டளையிடும் வலிமையை இழந்த ரசிகர் கூட்டத்திற்கு எஞ்சியிருக்கும் நியாயசபை. யாரிடம் வீம்பு, யாரிடம் கலைக்கான தவிப்பு, யாரிடம் நெடுநாள் அவமதிப்பின் வடு என்பதை அது காலப்போக்கில் பிரித்தறிகிறது. சில வேளைகளில் தவறியும் விடுகிறது.

இவ்வாண்டும் குளிர்காலம் வரும். வங்காளி அன்பர் தம் சிதார்க் கதையைத் தொடங்குவார். அதனை நாம் முன்போலவே கேட்போம். ஆனால் அந்த முக்கால் மணி நேரமும் பக்கத்தில் காத்திருந்த தபலாக்காரர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று இம்முறை அவரைக் கேட்க எண்ணியிருக்கிறோம்.