காரணப்பெயர் மறைத்த காரணம்

ஒரு காரணம் பற்றி இடப்படும் பெயரைக் காரணப்பெயர் என்கிறது தமிழ் இலக்கணம். பெயரிட்டவர் அப்பொருளின் ஒரு முகத்தை மட்டுமே கண்டிருந்தால் என்னாகும்? மொழியியல் பயின்ற எனக்கு இக்கேள்வியை நினைவூட்டுவது, நோயெதிர்ப்பு அணுக்கள் தமக்குள் செய்தி பரிமாறச் சுரக்கும் சைட்டோகைன் ஒன்றின் வரலாறு.

1975இல் நியூயார்க்கில் லாயிட் ஓல்டு குழுவினர், பி.சி.ஜி. நுண்ணுயிரும் பின்னர் பாக்டீரிய நச்சும் செலுத்தப்பட்ட சுண்டெலிகளின் குருதிநீரில், புற்றுக்கட்டிகளைச் சிதைக்கும் பொருளொன்றைக் கண்டனர். 'கட்டி நசிவுக் காரணி' எனப் பெயரிட்டனர். அதே நகரில் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஆந்தனி செராமி, நோயுற்ற விலங்குகள் ஏன் உருக்குலைந்து மெலிகின்றன என ஆராய்ந்து வந்தார். அவர் குழு கண்ட பொருள், உடல்மெலிவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகக் 'கேக்கெக்டின்' எனப் பெயர் பெற்றது. இரண்டும் ஒன்றே என 1985இல் புரூஸ் பாய்ட்லர், செராமி குழுவினர் காட்டினர். ஓரிடத்தில் மருந்தாகத் தோன்றியதே மற்றோரிடத்தில் நோயாகத் தோன்றியிருந்தது.

இரு பெயர்களிலும் குடல் இல்லை. ஆயினும் இம்மூலக்கூற்றை முடக்குவதன் பயன் தெளிவாகப் புலப்பட்ட இடங்களுள் குடலும் ஒன்று. கிரோன் நோயில் குடற்சுவரின் நோயெதிர்ப்பு அணுக்கள் இதனை மிகுதியாகச் சுரக்கின்றன. அழற்சி தணியாது புண் ஆழமாகிறது. 1990களின் முற்பகுதியில் ஆம்ஸ்டர்டாம் மருத்துவர்கள், இதனை முடக்கும் எதிர்ப்பொருளைச் செலுத்திப் புண்கள் ஆறக் கண்டனர். 1998இல் அமெரிக்கா அம்மருந்தை, அதாவது இன்ஃபிளிக்ஸிமாபை, கிரோன் நோய்க்கு ஏற்றது.

2001இல் மற்றொரு முகம் தெரிந்தது. அம்மருந்து பெற்றவர்களுள் 70 பேருக்குக் காசநோய் கண்டதாக ஆய்வொன்று வெளிவந்தது. காசநோய்க் கிருமியைச் சுற்றி நோயெதிர்ப்பு அணுக்கள் எழுப்பும் அரணைக் கட்டிக் காப்பதிலும் இம்மூலக்கூற்றுக்குப் பங்குண்டு.

இந்தியாவில் இது ஏட்டுச் செய்தி அன்று. குடற்காசநோயும் கிரோன் நோயும் பெரும்பாலும் சிறுகுடலின் கடைப்பகுதியையே பற்றும். உள்நோக்கியில் ஒன்றுபோலவே தோன்றும். முன்னதைப் பின்னதாகக் கருதி இம்மருந்தைச் செலுத்தினால், அடங்கியிருக்கும் கிருமியைக் கட்டவிழ்ப்பதாகும். எனவேதான் மருந்துக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயமாகிறது.

'அழற்சி தூண்டும் சைட்டோகைன்' எனப் பாடக்குறிப்பில் எழுதும் மாணவர்கள் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். பெயர், முதலில் கண்டவர் நின்ற இடத்தைச் சொல்கிறது. பொருளின் முழு இயல்பை அதிலிருந்து பெற இயலாது.