சருகுமானும் காட்டுக் குதிரையும் – நம் வீட்டு வாசலுக்கு வந்த மகிழுந்துகளின் வரலாறு



எஸ்.பி.எம். முடித்து வேலையில் சேர்ந்த பிள்ளை முதல் சம்பளம் வாங்கிய கையோடு கேட்பது ஒரு மகிழுந்தைத்தான். "சிக்கனமான காடியாகப் பார்" என்பார் தந்தை. "மிதித்தால் பறக்க வேண்டும்" என்பான் மகன். சித்தியவான், ஆயர் தாவார் வட்டாரத்தில் இவ்விவாதம் நடக்காத வீடு குறைவு. இது வெறும் தலைமுறை இடைவெளி அன்று. இதற்குப் பின்னால் அறுபது ஆண்டு உலக வரலாறும் நாற்பது ஆண்டு மலேசிய வரலாறும் உள்ளன. அவ்வரலாற்றை அறிந்து பேசினால் நம் பேச்சுக்குப் பிள்ளைகளிடம் மதிப்புக் கூடும்.

காட்டுக் குதிரை பிறந்த கதை

வேக மகிழுந்துகளின் பொற்காலம் அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டு தொடங்கியது. போன்டியாக் நிறுவனம் தன் நடுத்தரக் குடும்ப வண்டியான டெம்பெஸ்டில் 6.4 லிட்டர் கொள்ளளவு கொண்ட எட்டுச் சிலிண்டர் இயந்திரத்தைப் பொருத்தி, ஜி.டி.ஓ. என்று பெயரிட்டது. நடுத்தர வண்டியில் இத்துணைப் பெரிய இயந்திரம் கூடாது என்பது தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் வகுத்திருந்த விதி. ஜி.டி.ஓ.வைத் தனி வண்டியாகக் காட்டாமல், வாடிக்கையாளர் கூடுதல் பணம் கொடுத்துப் பெறும் சேர்ப்பாகக் காட்டி அவ்விதியைத் தாண்டினார்கள் அதன் பொறியாளர்கள். சிறிய உடலில் பெரிய பலம் என்பதால் இவ்வகை வண்டிகளுக்கு 'மசில் கார்' என்னும் பெயர் நிலைத்தது.

அதே ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு நிறுவனம் மஸ்டாங்கை அறிமுகப்படுத்தியது. மஸ்டாங் என்றால் காட்டுக் குதிரை. முதல் ஓராண்டில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் விற்றன. ஆனால், அந்தக் காட்டுக் குதிரையின் அடித்தளம் ஃபால்கன் என்னும் சிக்கனமான குடும்ப வண்டியினுடையது. அடிப்படை விலைக்குக் கிடைத்தது ஆறு சிலிண்டர் இயந்திரமே. எட்டுச் சிலிண்டர் வேண்டுவோர் கூடுதலாகப் பணம் கட்ட வேண்டும். ஆக, வேக வண்டியும் பயன் வண்டியும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று உடுத்திய சட்டை வேறு. கேட்கும் செலவும் வேறு.

பொற்காலம் பத்தாண்டுகூட நீடிக்கவில்லை. இளைஞர்களின் விபத்துகள் பெருகவே காப்புறுதிக் கட்டணம் ஏறியது. 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் புகைக்குக் கடிவாளம் இட்டது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது பெட்ரோல் நிலையங்களில் வரிசை நீண்டது. 1974ஆம் ஆண்டு மஸ்டாங் உருவில் சிறுத்து, எட்டுச் சிலிண்டர் இயந்திரமே இல்லாமல் வெளிவந்தது.

பழைய நினைவுகளை விற்கும் காலம் பிறகு வந்தது. 2005இல் மஸ்டாங், 2008இல் டாட்ஜ் சேலஞ்சர், 2009இல் செவ்ரோலெட் கமாரோ எனப் பழைய முகச்சாயலோடு புதிய வண்டிகள் வந்தன. இவற்றுள் சேலஞ்சர், கமாரோ ஆகிய இரண்டின் உற்பத்தியும் 2023 இறுதியில் நின்றது. டாட்ஜ் சார்ஜர் 2024இல் மின்கலத்தில் ஓடும் வண்டியாக மறுபிறவி எடுத்தது.

தோட்டத்துச் செம்மண் சாலையில்

அமெரிக்க இளைஞன் ஜி.டி.ஓ.வில் பறந்துகொண்டிருந்த அந்த 1960களில், பேராக் ரப்பர்த் தோட்டங்களில் மகிழுந்து என்றால் அது துரையினுடையதுதான். நம்மவர் நடந்தனர், வசதி வந்தபின் மிதிவண்டி, அதற்கும் பின் ஹோண்டா கப். திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் தோட்டத்து லாரி. நாட்டில் மகிழுந்து பொருத்தும் தொழில் 1967இல் பத்து தீகாவில் வால்வோ தொழிற்சாலையோடு தொடங்கியது என்றாலும், பால்மரம் வெட்டும் குடும்பத்துக்கு அது எட்டாக்கனியாகவே இருந்தது.

பின்னர் ரப்பர் செம்பனைக்கு வழிவிட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன. லயங்களை விட்டு வெளியேறிய மக்கள் பட்டணங்களின் ஓரங்களில் குடியேறினர். தோட்டத்தில் வேலை, பள்ளி, மருந்தகம், கோயில் அனைத்தும் நடக்கும் தூரத்தில் இருந்தன. பட்டணத்தில் அவை ஒவ்வொன்றும் ஒரு திசையில் இருந்தன. ஈப்போ பெரிய மருத்துவமனைக்குச் செல்ல ஏறக்குறைய 80 கிலோமீட்டர். அப்போதுதான் மகிழுந்து நமக்கு ஆடம்பரம் என்ற நிலை மாறித் தேவை என்றானது.

மஞ்சாடியும் சருகுமானும்

1983இல் தோற்றுவிக்கப்பட்ட புரோட்டோன் நிறுவனம், 1985 ஜூலை 9ஆம் நாள் சாகாவை வெளியிட்டது. மிட்சுபிஷி லான்சரை அடியொற்றிய 1.3 லிட்டர் வண்டி அது. 'சாகா' என்பது ஒரு மரத்தின் சிவந்த விதையைக் குறிக்கும் பெயர். அவ்விதை நமக்கும் அந்நியமன்று. தமிழில் அது மஞ்சாடி. நம் பொற்கொல்லர்கள் பொன் நிறுக்கப் பயன்படுத்திய எடை. மாணவர்களுக்கு இதைச் சொன்னால் ஒரு மலாய்ச் சொல்லும் ஒரு தமிழ்ச் சொல்லும் சேர்ந்தே மனத்தில் பதியும்.

1994இல் பெரோடுவா நிறுவனம் கெஞ்சிலைக் கொண்டுவந்தது. மூன்று சிலிண்டர், 659 சி.சி. கெஞ்சில் என்றால் சருகுமான். முதலைகளின் முதுகில் ஏறி ஆற்றைக் கடந்த அந்தப் புத்திசாலி விலங்கின் கதையை நம் பள்ளிப் பிள்ளைகள் நன்கறிவர். பெயருக்கேற்பவே அவ்வண்டியும் உருவில் சிறிது, பயனில் பெரிது. மோட்டார் சைக்கிளில் நால்வராக நெருக்கியடித்து மழையில் நனைந்த எத்தனையோ குடும்பங்களுக்கு முதன்முதலில் கூரை தந்தது அதுவே. சித்தியவான் என்னும் பெயர், உற்ற தோழன் எனப் பொருள்படும் 'செத்தியா கவான்' என்னும் மலாய்த் தொடரிலிருந்து வந்தது என்பர். இவ்வூர்ச் சாலைகளில் கெஞ்சில் அப்படியொரு தோழனாகத்தான் ஓடியது. 2009இல் அதன் உற்பத்தி முடிவுற்றது. 2005இல் அறிமுகமான மைவி, குடும்ப வண்டியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

நம் நாட்டு வேக வண்டிகள்

வேகத்தின் மீதுள்ள ஆசை நமக்கும் இல்லாமல் இல்லை. 1996இல் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தைப் புரோட்டோன் தன்வசப்படுத்தியது. 1990களின் இறுதியில் வந்த சத்ரியா ஜி.டி.ஐ., சாதாரணச் சத்ரியாவில் 1.8 லிட்டர் இயந்திரத்தைப் பொருத்தி, லோட்டஸ் கைவண்ணத்தில் சாலைப்பிடிப்பைச் செம்மைப்படுத்திய வண்டி. ஜி.டி.ஓ. பிறந்த அதே முறை! 2002இல் நம் நாட்டின் கரம்ஜிட் சிங், துணை ஓட்டுநர் ஆலன் ஓவுடன் புரோட்டோன் பெர்ட் வண்டியில் உற்பத்தி வண்டிகளுக்கான உலக ரேலிப் பட்டத்தை வென்றார். விரா வைத்திருந்த இளைஞர்கள் பலர் முன்பகுதியையும் பின்சிறகையும் மாற்றி, மிட்சுபிஷி இவோலூஷன் தோற்றம் கொடுத்து மகிழ்ந்ததும் அக்காலத்தில்தான்.

மறுபக்கமும் உண்டு. ஆறு சிலிண்டர் கொண்ட பெர்டானா வி6, அமைச்சர்களின் அதிகாரப்பூர்வ வண்டியாக இருந்தது. 2008இல் திரங்கானு மாநில அரசு அதன் பராமரிப்புச் செலவு மிகுதி என்று காரணம் கூறி மெர்சிடிஸ் வண்டிகளை வாங்கியது. அது நாடெங்கும் விவாதமானது. ஓர் அரசே பராமரிப்புச் செலவைக் கணக்குப் பார்க்கும்போது மாதச் சம்பளக்காரர் பார்க்காமல் இருக்கலாமா?

சாலை வரி சொல்லும் கணக்கு

நம் நாட்டில் பெட்ரோல் மகிழுந்தின் சாலை வரி இயந்திரக் கொள்ளளவை ஒட்டியது. தீபகற்ப மலேசியாவில் தனியார் சலூன் வண்டிக்கு ஆண்டு வரி இவ்வாறு அமைகிறது:

1,000 சி.சி. வரை – 20 ரிங்கிட்
1,300 சி.சி. – 70 ரிங்கிட்
1,500 சி.சி. – 90 ரிங்கிட்
2,000 சி.சி. – 380 ரிங்கிட்
3,000 சி.சி. – 2,130 ரிங்கிட்

3,000க்கு மேல் ஒவ்வொரு சி.சி.க்கும் 4.50 ரிங்கிட் கூடும். 5,000 சி.சி. வண்டிக்கு எவ்வளவு என்று ஆறாம் ஆண்டு மாணவரைக் கேளுங்கள். 11,130 ரிங்கிட் என்று கணக்கிட்டுச் சொல்வார். காட்டுக் குதிரை ஏன் நம் கம்பங்களில் மேயவில்லை என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும். இதற்கு மேல் இறக்குமதி வரியும் கலால் வரியும் வேறு.

பிள்ளைகளோடு பேசுவோம்

'விரலுக்கேற்ற வீக்கம்' என்று சொல்லிப் பேச்சை முடித்துவிட்டால் பிள்ளை கேட்கமாட்டான். விலையை மட்டும் பார்த்து வாங்குவதும் பயனறிந்து வாங்குவது ஆகாது. மாதத் தவணையோடு காப்புறுதி, சாலை வரி, சக்கரம், பெட்ரோல் ஆகியவற்றையும் ஒரே தாளில் எழுதச் சொல்லுங்கள். ஒன்பது ஆண்டுத் தவணை என்றால் 20 வயதில் கையெழுத்திட்டவன் 29 வயது வரை கட்டுவான். அந்த ஆண்டுகளில் மேற்கல்வியும் திருமணமும் வரக்கூடும்.

பாதுகாப்பையும் கேட்கச் சொல்லுங்கள். 2017இல் வந்த புதிய மைவி, ஆசியான் என்காப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. சிக்கன வண்டியும் உறுதியான வண்டியாகலாம் என்பதற்கு அது சான்று. பின்னிருக்கை வார்ப்பட்டை 2009 முதலும் குழந்தை இருக்கை 2020 முதலும் சட்டப்படி கட்டாயம். ஆயினும், காலையில் பள்ளி வாசலில் வந்து நிற்கும் வண்டிகளில், முன்னிருக்கையில் நின்றுகொண்டே வரும் குழந்தைகளை நாம் இன்னும் காண்கிறோம். வேகமான வண்டியா, சிக்கனமான வண்டியா என்று வாதிடும் முன், இருக்கிற வண்டியில் பிள்ளையைப் பட்டையிட்டு அமர்த்துவது நம் முதற்கடமை.

வேகத்தை விரும்புவது குற்றமன்று. உலகப் பட்டம் வென்ற கரம்ஜிட் சிங்கும் வேகத்தை விரும்பியவர்தாம். ஆனால், அவ்வேகத்தைப் போட்டித் தடத்தில் காட்டினார். ஈப்போ–லுமுட் சாலை போட்டித் தடமன்று. அதில் நம் பிள்ளைகளின் பள்ளிப் பேருந்தும் ஓடுகிறது. இதைப் பிள்ளைகள் உணரும்படி எடுத்துச் சொல்வோம்.