விலகி நிற்பது மட்டும் விடுதலையா?

அரசு வேறு, மதம் வேறு! இக்கோட்பாட்டை மேனாட்டார் எளிதில் பெற்றாரல்லர். ஒரே வேதத்தை ஓதியவர்கள் ஒருவரையொருவர் வெட்டி மாய்ந்த நெடிய போர்களுக்குப் பின்னரே அது பிறந்தது. வழிபாட்டிற்குச் செல்லவோ பொருள் தரவோ எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என 1786-இல் வர்ஜீனியா சட்டம் செய்தது. 1791-இல் அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தமும், 1905-இல் பிரான்சு நாட்டுச் சட்டமும் அவ்வழியே வந்தன. குருமார் பிடியிலிருந்து ஆட்சி விலகிற்று. மக்கள் மூச்சு விட்டனர்.

இங்கு நடந்தது என்ன? 1817-இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக் கோவில், மசூதிச் சொத்துகளின் மேற்பார்வையை ஏற்றது. பாதிரிமார் எதிர்த்தனர்; கம்பெனி பின்வாங்கிற்று. 1863-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விலகலை முழுமையாக்கிற்று. அரசு வெளியேறியது, மக்கள் உள்ளே நுழைந்தனரா? இல்லை! சாவி தர்மகர்த்தாக்கள் இடுப்பில். தீண்டாதாரென ஒதுக்கப்பட்டோர் தெருக்கோடியில்!

அரசு வெறுமனே விலகினால் வாழ்பவர் யார்? கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்திற்கு மேற்கேயுள்ள கல்வராயன் மலையைக் கேளுங்கள். நாடு 1947-இல் விடுதலை பெற்றது, 1950-இல் குடியரசாயிற்று. மலைமக்களோ 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்தனர். ஆட்சி எட்டிப் பாராத இடத்தில் ஆண்டவர்கள் மக்களல்லர், ஜாகீர்தார்களே! கோவிலிலும் கதை அதுவே.

இதனை மாற்றியது மக்கள் மன்றம். பனகல் அரசர் அமைச்சரவை, வைதிகர் கூச்சலுக்கு அஞ்சாது, 1925-இல் அறநிலையச் சட்டம் கண்டது. வழக்கும் வம்பும் கிளம்பவே, 1927-இல் அதனை மீண்டும் இயற்ற நேர்ந்தது. 1947-இல் கோவில் நுழைவுச் சட்டம் வந்தது. அரசமைப்பின் 25-ஆம் பிரிவு அனைவர்க்கும் மதவுரிமை அளித்தது. அதே பிரிவு, இந்துக் கோவில்களை எல்லா வகுப்பாருக்கும் திறந்துவிடும் அதிகாரத்தையும் அரசுக்கு வழங்கிற்று.

எல்லையும் வகுக்கப்பட்டது. சமயக் காரியம் சமயத்தாருடையது, சொத்து நிருவாகம் சட்டத்திற்கு உட்பட்டது என்று 1954-இல் உச்சநீதிமன்றம் சிரூர் மட வழக்கில் கூறிற்று. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்த 1970-ஆம் ஆண்டுத் திருத்தத்தை 1972-இல் அது ஏற்றது. 2021-இல் பல சாதியினரும் பயிற்சி பெற்று அர்ச்சகராயினர்.

தோழர்களே! ஆட்சி எம்மதத்திற்கும் ஏவலாளாகலாகாது. எவர் நம்பிக்கையிலும் நம்பாமையிலும் தலையிடலாகாது. ஆயினும், மதத்தின் பெயரால் மனிதனை வாயிலில் நிறுத்தும்போது, 'அது எம் வேலையன்று' எனக் கைகட்டி நிற்கவும் ஆகாது. விலகலைப் போற்றுவோர் எவராயினும், அவரிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றே: அரசு விலகியபின் சாவி யார் கையில்?