நறுமண எண்ணெய்களும் வலிப்பும்

நறுமண எண்ணெய் என்பது தாவரங்களின் இலை, பூ, பட்டை முதலியவற்றிலிருந்து பெரும்பாலும் காய்ச்சி வடித்தல் முறையில் பெறப்படும், எளிதில் ஆவியாகும் எண்ணெய் ஆகும். இவற்றுள் சில கால்-கை வலிப்பு உள்ளவர்களுக்கு வலிப்பைத் தூண்டக்கூடியவை. அளவு மிகுந்தால், முன்பு வலிப்பே வராதவர்களுக்கும் அது வரக்கூடும்.

வலிப்பைத் தூண்டும் சேர்மங்கள்

கற்பூரம், சினியோல், துஜோன், பினோகாம்போன் ஆகியன குறிப்பிடத்தக்கவை. யூக்கலிப்டஸ் தைலத்தின் பெரும்பகுதி சினியோல் ஆகும். ரோஸ்மேரி எண்ணெயில் சினியோலும் கற்பூரமும், சேஜ் எண்ணெயில் துஜோனும், ஈசோப்பு எண்ணெயில் பினோகாம்போனும் காணப்படுகின்றன. நரம்பணுக்களின் கிளர்ச்சியை அடக்கும் காபா ஏற்பிகளைத் துஜோன் தடுக்கிறது. லாவெண்டர் பொதுவாக இப்பட்டியலில் இடம்பெறுவதில்லை. ஆனால் அதன் ஒரு வகையான ஸ்பைக் லாவெண்டரில் கற்பூரமும் சினியோலும் உண்டு. எனவே புட்டியின் மேலுள்ள பொதுப்பெயர் மட்டும் போதுமான தகவல் அன்று.

கற்பூரம்

கற்பூரத்தின் இப்பண்பு ஒரு காலத்தில் மருத்துவமாகவே பயன்பட்டது. 1934 இல் புடாபெஸ்டில் லாடிஸ்லாஸ் மெடூனா என்ற மருத்துவர், மனச்சிதைவு நோயாளிகளுக்குக் கற்பூர எண்ணெயை ஊசிமூலம் செலுத்தி வேண்டுமென்றே வலிப்பை உண்டாக்கினார். அதன் விளைவு நிச்சயமற்றதாக இருந்ததால் விரைவில் வேறு மருந்துக்கு மாறினார்.

20% கற்பூர எண்ணெய் ஒரு தேக்கரண்டியில் (5 மி.லி.) ஏறக்குறைய 1 கிராம் கற்பூரம் உள்ளது. இவ்வளவே சிறு குழந்தைகளின் உயிரைப் பறித்ததுண்டு. அமெரிக்காவில் இவ்வெண்ணெய் விளக்கெண்ணெய் எனத் தவறாகக் கருதப்பட்டுப் புகட்டப்பட்ட நிகழ்வுகளுக்குப் பின், 1980களின் தொடக்கத்தில் அது விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. பூச்சு மருந்துகளில் கற்பூரத்தின் அளவும் 11 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. பூசைக் கற்பூரம் வைத்திருக்கும் தமிழர் வீடுகளில், அதன் வெண்வில்லைகளைக் குழந்தைகள் மிட்டாய் என எண்ணி விழுங்கும் இடர் இன்றும் உள்ளது.

முகர்தலும் பூசுதலும்

விழுங்குவதே மிகவும் ஆபத்தானது. எனினும் யூக்கலிப்டஸ் தைலத்தை முகர்ந்த பின் வலிப்பு ஏற்பட்டவர்களைப் பற்றிப் பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் 2017 இல் ஆய்விதழில் எழுதினர். சளிக்கு ஆவி பிடித்ததையோ தலைவலிக்குத் தைலம் தடவியதையோ நோயாளிகள் மருந்தாகக் கருதுவதில்லை. மருத்துவர் கேட்டாலொழியச் சொல்வதும் இல்லை. இதனால் காரணம் மறைந்துபோய், தேவையின்றி வலிப்பு மருந்தின் அளவு கூட்டப்படலாம்.

நறுமண எண்ணெய் எதுவும் வலிப்பு மருந்துக்கு மாற்றாகாது. கற்பூரமோ யூக்கலிப்டஸ் தைலமோ விழுங்கியவரை வாந்தியெடுக்க வைத்தல் கூடாது; சில நிமிடங்களிலேயே வலிப்பு தொடங்கக்கூடும் என்பதால், வாந்தி மூச்சுக்குழலுக்குள் செல்ல நேரிடும். அவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும்; விழுங்கிய பொருளின் புட்டியையோ உறையையோ உடன் எடுத்துச் செல்வது மருத்துவருக்கு உதவும்.