உப்பில்லாச் சோறும் ஓர் அகதி வைத்தியரும்



"பிறஷர்" என்று நாங்கள் வீட்டில் சொல்லுகிற உயர் குருதி அமுக்கத்துக்கு 1940களின் தொடக்கத்தில் நம்பத்தகுந்த மருந்து இருக்கவில்லை. அமெரிக்க சனாதிபதி ரூஸ்வெல்ற்றுக்கே இருக்கவில்லை. 1944 மார்ச்சில் இருதய வைத்தியர் அளந்தபோது அவருக்கு 186/108. அடுத்த வருடம் ஏப்ரல் 12ஆம் திகதி, மூளையில் இரத்தம் கசிந்து அவர் இறந்த அன்று 300/190. அமுக்கத்தைக் குறைப்பதுதான் ஆபத்து என்று நம்பிய வைத்தியர்களும் அன்று இருந்தார்கள்.

அந்தக் காலத்தில் வட கரோலினாவிலுள்ள டியூக் பல்கலைக்கழகத்தில் வோல்ரர் கெம்ப்னர் என்றொரு வைத்தியர் இருந்தார். பேர்லினில் பிறந்தவர். தாயார் லிடியா றபினோவிச், றொபேட் கொக்குடன் பணியாற்றிய நுண்ணுயிரியல் அறிஞர். யூத வம்சாவளியினர் என்பதால் ஹிட்லரின் ஆட்சியில் அவர்களுக்கு இடமில்லாமற் போனது. மகன் 1934இல் அமெரிக்கா வந்து சேர்ந்தார். ஆங்கிலம் பேசினார், ஜேர்மன் உச்சரிப்பு மட்டும் போகவில்லை. (எங்களுக்கு இது புதுக்கதை இல்லை.)

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அவர் கொடுத்த சாப்பாடு சோறு, பழம், பழச்சாறு, சீனி. உப்புக் கிடையாது. 1942இல் 33 வயதுப் பெண் ஒருவரை இரண்டு வாரத்தில் திரும்பி வரச் சொன்னார். அவருடைய உச்சரிப்பு விளங்காத அந்தப் பெண் இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தார். அத்தனை நாளும் அதே சோறு! ஆனால் 190/120 ஆக இருந்த அமுக்கம் 124/84க்கு இறங்கியிருந்தது. கண்ணின் உட்புறத்து இரத்தக் கசிவு மறைந்திருந்தது. பெருத்த இருதயமும் சுருங்கியிருந்தது.

எல்லோருக்கும் இப்படிப் பலிக்கவில்லை. கெம்ப்னரும் இலேசான மனிதர் அல்லர். கட்டுப்பாட்டை மீறிய நோயாளிகள் சிலரை அடித்ததாகப் பின்னாளில் அவரே ஒத்துக்கொண்டார். அதை நான் நியாயப்படுத்தமாட்டேன்.

சோற்றில் மந்திரம் எதுவும் இல்லை. அந்த உணவில் நாளொன்றுக்குச் சோடியம் 150 மில்லிகிராமுக்கும் குறைவு. எங்கள் ஒரு தேக்கரண்டி உப்பில் ஏறக்குறைய 2,300 உண்டு. 1958இல் பாவனைக்கு வந்த குளோரோதயசைட் மாத்திரையும் உப்பைச் சிறுநீரோடு வெளியேற்றித்தான் அமுக்கத்தைக் குறைத்தது. அதற்குப் பிறகு வெறும் சோற்றையும் பழத்தையும் தின்னவேண்டிய தேவை குறைந்தது. வைத்தியர் இரத்தமும் சிறுநீரும் சோதித்துச் சோதித்து நடத்திய அந்த உணவை வீட்டில் நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம்.

எம்மவர் வீடுகளில் பிறஷர் வந்ததும் முதலில் சோற்றைத்தான் குறைக்கிறார்கள். பக்கத்தில் இருக்கிற கருவாடும் ஊறுகாயும் மோர்மிளகாயும் அப்படியே இருக்கின்றன. இன்னும் சிலர், அளவு சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கெம்ப்னரின் நோயாளிகள் பலருக்கும், பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் அமுக்கமும் திரும்பி ஏறியது.