கையால் உழைப்பவருக்கும் களம் உண்டு



பொழுது விடியுமுன் எழுந்து, பெரட்டில் நின்று, நானூறு ஐந்நூறு பால்மரங்களை வெட்டி, வாளி நிறையப் பாலைச் சுமந்து வந்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். அவர்களிடம் போய், "நீங்களும் விளையாட்டு வீரர்தான்" என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். விளையாட்டு துரைமாருக்கு, உழைப்பு நமக்கு என்பதே அன்றைய எண்ணம். இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? நம்மவர்களுடைய கூச்சத்தால் மட்டும் வந்ததன்று. கையால் உழைப்பவனுக்குக் களத்தில் இடமில்லை என்று விதியாகவே எழுதி வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. அந்த விதி எப்படி எழுந்தது, எப்படி விழுந்தது என்பதையும், அது விழுந்தபின் சாதாரண மனிதர்கள் உண்டாக்கிய ஒரு நெடுந்தூரப் போட்டியின் வரலாற்றையும் இன்று பார்ப்போம்.

'அமெச்சூர்' என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். நேசிப்பவர் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்து, பிரெஞ்சு மொழி வழியாக வந்த சொல் அது. பணத்துக்காக அல்லாமல் விருப்பத்துக்காக விளையாடுபவர் அமெச்சூர். கேட்பதற்கு நல்ல பொருள்தான். ஆனால் 1866ஆம் ஆண்டில் லண்டனில் தோன்றிய அமெச்சூர் தடகளக் கழகம் இந்தச் சொல்லுக்கு வேறோர் எல்லை வகுத்தது. இயந்திரத் தொழிலாளி, கைவினைஞர், உடலுழைப்பாளி ஆகியோர் அமெச்சூர் ஆகமாட்டார் என்றது. தேம்ஸ் நதியில் நடக்கும் புகழ்பெற்ற ஹென்லி படகுப் போட்டியினரும் 1879இல் அதே போன்ற விதியை எழுதினார்கள். உடலுழைப்பால் உரம் ஏறியவன் பிரபுக்களின் பிள்ளைகளோடு போட்டியிடுவது நியாயமன்று என்பது அவர்கள் சொன்ன காரணம். தோற்றுவிடுவோமோ என்ற அச்சமும், சமமாக நிற்க நேருமே என்ற வெறுப்பும் அதற்குள் ஒளிந்திருந்தன.

இந்த விதி நடப்பிலிருந்த காலத்தில்தான் நம் முன்னோர் சிலாங்கூருக்கு வந்தார்கள். கோலாலம்பூர் நகரைக் கட்டச் செங்கல் அறுத்த சூளைகளால் பிரிக்பீல்ட்ஸ் பெயர் பெற்றது. 1901இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், தோட்டங்களுக்கு ஆள் வந்து இறங்கும் வாசலாயிற்று. எங்கோ இங்கிலாந்தில் எழுதிய விதி என்று நாம் அதை ஒதுக்கிவிட முடியாது. அதே மனப்பான்மையோடு வந்தவர்கள்தான் இங்கே துரைமார்களாக இருந்தார்கள்.

1880இல் புதிதாகத் தோன்றிய தடகளச் சங்கம் உடலுழைப்பாளருக்கான தடையைக் கைவிட்டது. ஹென்லி விடவில்லை. 1920இல் ஜான் கெல்லி என்ற அமெரிக்கப் படகோட்டியை அங்கே சேர்க்க மறுத்தார்கள். அவருடைய சங்கத்தின் மேலிருந்த பழைய தடையோடு, அவர் செங்கல் அடுக்கும் கொத்தனாராக இருந்தவர் என்பதும் காரணமாகப் பேசப்பட்டது. அந்த ஆண்டு ஹென்லியில் ஜாக் பெரஸ்போர்டு என்ற ஆங்கிலேயர் வென்றார். சில வாரங்கள் கழித்து ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக் போட்டியில் அதே பெரஸ்போர்டைக் கொத்தனார் கெல்லி தோற்கடித்துத் தங்கம் வென்றார். 1937இல் ஹென்லி விதியும் நீக்கப்பட்டது. 1947இல் கெல்லியின் மகன் அதே ஹென்லியில் வெற்றிக் கோப்பையைப் பெற்றார். தந்தைக்கு மூடிய கதவு மகனுக்குத் திறந்தது.

இனி நெடுந்தூரப் போட்டிக்கு வருவோம். 'டிரையத்லான்' என்றால் மூன்று விளையாட்டுகள் ஒன்றாகச் சேர்ந்த போட்டி. முதலில் நீச்சல், அடுத்து சைக்கிள், கடைசியில் ஓட்டம். இதன் நெடுந்தூர வடிவம் ஹவாய்த் தீவுகளில் ஒன்றில் பிறந்தது. ஓட்டக்காரர் வலியவரா, நீச்சல்காரர் வலியவரா என்று 1977இல் நண்பர்களுக்குள் ஒரு விவாதம் எழுந்தது. ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி எழுந்து, தீவில் தனித்தனியே நடந்துவரும் மூன்று பந்தயங்களையும் ஒரே நாளில் முடிப்போம் என்றார். கடலில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42 கிலோமீட்டர் ஓட்டம். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், 50 மீட்டர் நீளமுள்ள குளத்தில் 76 முறை நீந்தி, கோலாலம்பூரிலிருந்து ஈப்போவை நெருங்கும் தூரம் சைக்கிள் மிதித்து, அதன்பின் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு உள்ள தூரத்தைவிட அதிகமாக ஓடவேண்டும்.

1978 பிப்ரவரி 18ஆம் நாள் 15 பேர் புறப்பட்டார்கள். 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்த கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடம் எடுத்துக்கொண்டார். போட்டியைத் தொடங்கிவைத்த காலின்சுக்கோ ஏறக்குறைய 17 மணி நேரம் ஆயிற்று. அவரும் முடித்தவர் பட்டியலில்தான் இருக்கிறார். இந்தப் போட்டியின் தனிச்சிறப்பு இதுதான். முதலில் வருவது ஒரு சிலருக்கு. முடிப்பது எல்லாருக்கும் பெருமை. மறு ஆண்டே லின் லெமேர் என்ற பெண் கலந்துகொண்டு, ஆண்களும் சேர்ந்த வரிசையில் ஐந்தாவதாக வந்தார். 1982இல் ஜூலி மாஸ் என்ற மாணவி முன்னணியில் வந்து, எல்லைக்கு அருகில் கால் தளர்ந்து விழுந்தார். வேறொருவர் அவரைக் கடந்து வென்றார். ஜூலி மாஸ் தவழ்ந்தே எல்லைக் கோட்டைத் தொட்டார். அதைத் தொலைக்காட்சியில் கண்ட பலர் இந்தப் போட்டியால் ஈர்க்கப்பட்டார்கள். 2000ஆம் ஆண்டில் இந்த நெடுந்தூரப் போட்டி நம் லங்காவித் தீவுக்கும் வந்தது. அதே ஆண்டு குறுகிய தூர டிரையத்லான் சிட்னி ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம் பெற்றது.

இதில் நம்மவர்க்கு என்ன பங்கு என்று கேட்பீர்கள். டிரையத்லான் என்ற பெயர் நம் செவிக்கு எட்டுமுன்பே, வல்வெட்டித்துறையைச் சேர்ந்த வழக்கறிஞர் குமார் ஆனந்தன், 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி, அங்கிருந்து மீண்டும் நீந்தித் திரும்பினார். 51 மணி நேரம் கடலில் கழிந்தது. பின்னர் நாள்கணக்கில் இடைவிடாது சைக்கிள் ஓட்டியும் சாதனை படைத்தார். 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது உயிர் நீத்தார். அவருடைய துணிவைப் போற்றும்போது, நீர் யாருக்கும் சலுகை காட்டாது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

நம் மண்ணிலேயே நடந்த ஒன்றையும் சொல்கிறேன். 1998ஆம் ஆண்டு செப்டம்பரில் கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. அதில் 50 கிலோமீட்டர் நடைப்போட்டி ஒன்று. ஒரு கால் எப்போதும் தரையில் படவேண்டும். மீறியதாக நடுவர்கள் பலர் கண்டால் விலக்கிவிடுவார்கள். ஜி. சரவணன் என்ற மலேசியத் தமிழர் 4 மணி 10 நிமிடம் 5 விநாடியில் நடந்து முடித்துத் தங்கம் வென்றார். காமன்வெல்த் தடகளத்தில் மலேசியா பெற்ற முதல் தங்கம் அது. அந்தப் போட்டிகளின் தலைமை அரங்கம் எழுந்த புக்கிட் ஜாலில், அதற்குமுன் தோட்டமாக இருந்த நிலம். நம்மவர் வியர்வை சிந்திய மண்ணில் எழுந்த அந்த விளையாட்டு விழாவிலேயே, நம்மவர் ஒருவருக்காக நாட்டுப்பண் ஒலித்தது.

விதி போய்விட்டது. ஆனால் கதவு முழுவதும் திறந்துவிட்டதா? இல்லை என்றுதான் சொல்லவேண்டும். பந்தயச் சைக்கிளின் விலை தொழிலாளியின் பல மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். நுழைவுக் கட்டணமும் பயணச் செலவும் வேறு. அன்று எழுத்தில் இருந்த தடை இன்று விலைச்சீட்டில் இருக்கிறது. அந்தத் தடையை நீக்குவது பள்ளிகளும் சங்கங்களும் ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்து செய்யவேண்டிய வேலை. ஒரு நல்ல சைக்கிளை ஒரு மன்றம் வாங்கிவைத்தால் பத்துப் பிள்ளைகள் பழகலாம்.

ஓடவும் நடக்கவும் கட்டணம் இல்லை. பள்ளித் திடல் போதும். வேலை முடிந்த மாலையில் அரை மணி நேரம் நடந்து, சில வாரங்கள் கழித்து மெல்ல ஓடிப் பழகுங்கள். தூரத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டுங்கள். நீச்சலை மட்டும் தாமாகக் கற்கப் பிள்ளைகளை விடாதீர்கள். ஈயக்குட்டைகள் திடீரென ஆழமாகும், கரையும் சரியும். பொது நீச்சல் குளத்தில், கற்றுத் தருபவர் முன்னிலையில்தான் இறங்கவேண்டும்.

தாய்மார்களே, தந்தையரே, உங்கள் மகளோ மகனோ ஓடப்போகிறேன் என்று சொன்னால், "அதெல்லாம் நமக்கெதற்கு?" என்று கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வியைத்தான் முன்பு லண்டனில் விதியாக எழுதினார்கள். அதை அவர்களே அழித்துவிட்டார்கள். நம் வீட்டுக்குள் நாம் அதை மறுபடியும் எழுதவேண்டாம்.