கேட்டவர்க்கெல்லாம் வந்த ரீப்ரிண்ட்

ஆய்வுலகம் ரீப்ரிண்ட் என்று அழைத்த அந்த மெல்லிய தனிப்படி மறைந்த நாள் இன்னதென்று எந்த ஏட்டிலும் குறிக்கப்படவில்லை. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆய்விதழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதை அச்சிடுவதை நிறுத்திக்கொள்ள, தபாலில் வருவது குறைந்து, அரிதாகி, ஒருநாள் வரவே இல்லை என்றான பிறகுதான் அது போய்விட்டதை நாம் உணர்ந்தோம். எட்டுப் பக்கமோ பன்னிரண்டு பக்கமோ இருக்கும். முதுகில் இரண்டு கம்பிப் பின்கள். மேலட்டையில் இதழின் பெயர், தொகுதி எண், ஆண்டு. முதல் பக்கத்தின் எண் ஒன்று என்று இராமல் இதழில் அக்கட்டுரை எங்கே தொடங்கியதோ அந்த எண்ணாகவே இருக்கும். பெரியதொரு தொகுதியிலிருந்து பிரிந்து தனியே பயணம் புறப்பட்ட ஒரு கட்டுரை அது. அதைக் கையில் வாங்கியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள் என்பதால், இந்தத் துயரைப் பகிர்ந்துகொள்ள ஆளுண்டு என்ற துணிவில் எழுதுகிறேன்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து மலைப்பாதையில் வந்து சேரும் அஞ்செட்டியில் இருந்துகொண்டு இந்த இரங்கலை எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஆய்வு நூலகம் வேண்டுமென்றால் ஓசூர் போய், அங்கிருந்து எல்லை தாண்டி, இந்திய அறிவியல் கழகமும் அதன் நூலகமும் இருக்கும் பெங்களூருக்குத்தான் இங்கிருந்து போகவேண்டும். போனாலும் உள்ளே விட ஒரு சீட்டு வேண்டும். நூலகம் எட்டாத இத்தகைய ஊர்களுக்காகவே பிறந்தது போல ரீப்ரிண்ட் வாழ்ந்தது. பெருநகரத்துப் பேராசிரியருக்கு அது ஒரு வசதி. காட்டோரத்தில் உட்கார்ந்து படிக்க விரும்பியவருக்கோ அதைவிட்டால் வேறு வழியில்லை.

அது பிறந்தது ஐரோப்பாவில். லண்டன் ராயல் சொசைட்டியின் இதழ் 1665இல் தொடங்கியபின், கற்றறிந்தோர் தம் கண்டுபிடிப்புகளை இதழ்களில் வெளியிடும் வழக்கம் பரவியது. எழுத்து கோத்த அச்சுப்பலகை கலைக்கப்படும் முன்பே அந்த ஒரு கட்டுரையை மட்டும் கூடுதலாகச் சில படிகள் ஓட்டி ஆசிரியரிடம் கொடுக்கும் பழக்கமும் அதையொட்டி வளர்ந்தது. எழுதியவருக்கு இதழ்கள் சம்பளம் தந்ததில்லை. இந்தப் படிகள்தாம் அவருக்குக் கிடைத்த ஒரே கூலி. பிற்காலத்தில் இருபத்தைந்து அல்லது ஐம்பது படிகள் இலவசம் என்பதும், மேலும் வேண்டுமானால் காசு கட்டிக்கொள்ளலாம் என்பதும் பல இதழ்களில் நடைமுறையாயின. அந்தக் கூலியை விற்றுத் தின்ன முடியாது, பிறருக்குக் கொடுக்கத்தான் முடியும் என்பதில்தான் அதன் வாழ்க்கை முழுவதும் அடங்கியிருந்தது.

கொடுத்தது உடனே பலன் தராமற் போனாலும் அது காத்திருக்கத் தெரிந்ததாக இருந்தது. பட்டாணிச் செடிகளில் தலைமுறைப் பண்புகளின் கணக்கைக் கண்டறிந்த கிரிகோர் மெண்டல், 1866இல் வெளிவந்த தம் கட்டுரைக்கு 40 படிகள் பெற்று, அறிஞர்கள் பலருக்கு அனுப்பினார். அவற்றுள் சில பக்கம் வெட்டப்படாமலேயே, அதாவது ஒருவரும் படிக்காமலேயே கிடந்தன. மெண்டல் 1884இல் இறந்தார். 1900இல் ஹாலந்து நாட்டு அறிஞர் பெயரிங்க் தம்மிடம் இருந்த ஒரு படியை, கலப்பினங்களை ஆராய்ந்துகொண்டிருந்த நண்பர் ஹ்யூகோ டி வ்ரீஸுக்கு அனுப்பிவைத்தார் என்று அறிவியல் வரலாற்றில் சொல்வார்கள். எழுதியவர் மண்ணுக்குள் போன பிறகும் அவருடைய சொல்லை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குச் சுமந்து போய்ச் சேர்த்தது அந்தச் சில பக்கக் காகிதம்.

நம் நாட்டில் அதன் இளமைக் காலத்துக்கு ஒரு தமிழரே சாட்சி. சர் சி.வி. ராமன் 1928 பிப்ரவரி 28இல் கல்கத்தாவில் தம் ஒளிச்சிதறல் விளைவைக் கண்டு, மார்ச் 16இல் பெங்களூரில் தென்னிந்திய அறிவியல் சங்கத்தின் முன் அதைப் பற்றி உரையாற்றினார். அவ்வுரை இந்திய இயற்பியல் இதழின் இரண்டாம் தொகுதியில் 387ஆம் பக்கத்தில் தொடங்கும் கட்டுரையாக அச்சேறியது. இதழ் கடல் கடந்து நூலகங்களில் அடுக்கப்படும் வரை அவர் பொறுத்திருக்கவில்லை. தனிப்படிகளை உடனே அச்சிடச் செய்து உலகெங்கும் உள்ள இயற்பியலாளர்களுக்குத் தபாலில் சேர்ப்பித்தார். அடிமை நாட்டில், ஐரோப்பிய நூலகங்கள் பலவற்றில் தேடினாலும் கிடைக்காத ஓர் இளம் இதழில் வெளிவந்த கண்டுபிடிப்பு 1930இல் நோபல் பரிசு வரை போய்ச் சேர்ந்ததில், தபால் தலை ஒட்டப்பட்ட அந்த உறைகளுக்கும் ஒரு பங்கு உண்டு.

அடுத்த அரை நூற்றாண்டு அதன் நடுவயது. அதன் மிக நல்ல காலமும் அதுதான். அமெரிக்காவில் யூஜின் கார்ஃபீல்டு 1950களின் இறுதியில் தொடங்கிய 'கரண்ட் கன்டென்ட்ஸ்' என்ற வார வெளியீடு, பல இதழ்களின் உள்ளடக்கப் பக்கங்களைத் தொகுத்து, ஆசிரியர்களின் முகவரியையும் தந்தது. அதைப் பார்த்து, "தங்கள் கட்டுரையின் ரீப்ரிண்ட் ஒன்று அனுப்பி உதவுவீர்களாக" என்ற பொருளில் முன்கூட்டியே அச்சடித்து வைத்திருந்த அஞ்சலட்டையில் கட்டுரையின் பெயரை மட்டும் நிரப்பி அனுப்பினால் போதும். அந்நியச் செலாவணி தட்டுப்பாட்டால் வெளிநாட்டு இதழ்களுக்குச் சந்தா கட்ட இயலாத நம் கல்லூரிகளில், ஆய்வு மாணவர்கள் தம் துறையின் நிலையை அறிந்துகொண்டது பெரும்பாலும் இப்படித்தான். கேட்டவர் யார், எந்த நிறுவனம், எவ்வளவு கட்டுவார் என்று அட்டையை வாங்கியவர் கேட்டதில்லை. முகவரி இருந்தது, ஆர்வம் இருந்தது, அவ்வளவு போதும், உறை புறப்பட்டுவிடும். வந்து சேர்ந்த படியின் மேல்மூலையில் பெரும்பாலும் ஆசிரியரின் கையெழுத்தும், அன்புடன் என்ற பொருளில் ஒரு சொல்லும் இருக்கும்.

தமிழ் ஆய்வுக்கும் அது இவ்வாறே ஊழியம் செய்தது. தனிநாயகம் அடிகள் 1952இல் தொடங்கிய 'தமிழ்க் கல்ச்சர்' காலாண்டிதழின் கட்டுரைகள் தனிப்படிகளாகவும் வெளிவந்தன. தமிழ் படிக்கத் தொடங்கியிருந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தாருக்குச் சங்க இலக்கியம் பற்றிய செய்தியை இத்தகைய படிகள் கொண்டுசேர்த்தன. இங்கே கிருஷ்ணகிரிப் பக்கம் நடுகற்களையும், மல்லசந்திரம் குன்றின் கற்திட்டைகளையும் தேடித் திரிந்தவர்களுக்குள்ளும் இதே கொடுக்கல் வாங்கல் இருந்தது. பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்காதவர்கள், பள்ளி ஆசிரியர்கள், ஓய்வு பெற்றவர்கள்: இவர்கள் எழுதியதையும் பட்டம் பெற்றவர்கள் எழுதியதையும் ஒரே விதமான பின் போட்டு ஒரே விதமான உறையில் அனுப்பிச் சமமாக நடத்தியது ரீப்ரிண்ட்.

இன்னொரு கடனையும் அது தீர்த்துவந்தது. அஞ்செட்டியைச் சுற்றிய காடுகள் பல தலைமுறையாக ஆய்வாளர்களை வரவழைத்திருக்கின்றன. 2014இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்தப் பகுதியில் யானையும், நாற்கொம்பு மானும், ஆற்றோர மரங்களில் சாம்பல் நிற அணிலும் வாழ்கின்றன. வருகிறவர்கள் இங்குள்ளவர்களிடம் வழி கேட்டு, தொட்டல்லா ஓடையின் போக்கைக் கேட்டு, எந்த மாதத்தில் யானை எந்தப் பக்கம் ராகிக் கொல்லைக்கு இறங்கும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போவார்கள். எழுதுவது வேறோர் ஊரில்; அச்சாவது வேறொரு நாட்டில். இங்கே பெற்றுப் போன அறிவு இங்கேயே திரும்பி வருவதற்கு ரீப்ரிண்டைப் போல எளிய வழி அப்போது வேறில்லை. நினைவு வைத்து ஒரு படி அனுப்பியவருக்கு அது சில்லறைச் செலவு. ஆங்கிலம் தெரிந்த ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டவர்களுக்கோ, நாம் சொன்னது வீண்போகவில்லை என்ற நிறைவு.

நோய் மெல்லத்தான் தொற்றியது. முதலில் வந்தது ஜெராக்ஸ். 1952இல் டெல்லியில் தொடங்கிய இன்ஸ்டாக் என்ற தேசிய அறிவியல் ஆவண மையம் கேட்ட கட்டுரைக்குப் படி எடுத்து அனுப்பும் பணியை முன்பே செய்துவந்தது. படி எடுக்கும் கருவி ஊருக்கு ஊர் வந்தபின் ஆசிரியரைக் கேட்கவேண்டிய தேவை குறைந்தது. 1991இல் பால் கின்ஸ்பார்க் இயற்பியல் முன்வரைவுகளைக் கணினி வழியே பகிர 'ஆர்க்சிவ்' சேமிப்பகத்தைத் தொடங்கினார். 1993இல் பிடிஎஃப் வந்தது. ஒரு நொடியில் ஆயிரம் பேருக்குப் போகும் பிரதியின் முன் ஐம்பது படிக் கட்டு என்ன செய்யும்? இதழ்கள் காகிதப் படிக்குப் பதிலாக ஆசிரியருக்கு ஒரு பிடிஎஃப் கோப்பையோ இணைப்பையோ தரத் தொடங்கின. கடைசி ஆண்டுகளில் ரீப்ரிண்ட் வேண்டும் என்று கேட்டவர்கள் பழைய பழக்கத்தை விடமுடியாத மூத்தவர்கள் மட்டுமே. யார் மீதும் பழி சொல்வதற்கில்லை. தன்னைவிட விரைவான பிள்ளைக்கு வழிவிட்டு அது போயிற்று.

ஆனால் பிள்ளையிடம் வீடு போய்ச் சேர்ந்ததும் வாசலில் கதவு முளைத்தது. கட்டுரைகளின் உரிமை பெரும்பாலும் சில பெரிய பதிப்பு நிறுவனங்களின் கையில் இருக்கிறது. சந்தா கட்டிய நிறுவனத்தின் கணினியிலிருந்து வந்தால் திறக்கும், தனி மனிதராக வந்தால் ஒரு கட்டுரைக்கே ஆயிரக்கணக்கில் கேட்கும். இந்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் தந்து 2025இல் செயலுக்குக் கொண்டுவந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் பெரிய முயற்சிதான்: மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300க்கு மேற்பட்ட அரசு நிறுவனங்கள். அரசுக் கல்லூரி மாணவருக்கு இது வரம். எனினும் ஓசூர் சிப்காட்டில் உலோகக் களைப்பைப் பற்றிப் படிக்க விரும்பும் சிறு பட்டறைப் பொறியாளரும், தனியார் கல்லூரி ஆசிரியரும், நடுகல் தேடும் ஓய்வுபெற்ற தமிழாசிரியரும் முதல் கட்டத்தில் அந்தக் கணக்குக்குள் இல்லை. அஞ்சலட்டை எழுதியவரிடம் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று கேட்காத பெருந்தன்மை ரீப்ரிண்டோடு போய்விட்டது.

படிப்பவருக்குக் கதவைத் திறக்கும் திறந்த அணுக்க முறையிலும் சுமை இடம் மாறியதே தவிர இறங்கிவிடவில்லை. பல இதழ்களில் எழுதுகிறவரே கட்டணம் செலுத்தவேண்டும். 'நேச்சர்' இதழ் 2021 முதல் இதற்குக் கேட்ட தொகை 9,500 யூரோ, நம் பணத்தில் எட்டு லட்சத்துக்கும் மேல். பணம் வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் போலி இதழ்கள் பெருகின. அவற்றைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த 'கேர்' பட்டியல் 2025இல் கைவிடப்பட்டது. ஹிந்தாவி பதிப்பகம் 2023இல் மட்டும் 8,000க்கு மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெறவேண்டி வந்தது. இப்போது இயந்திரமே கட்டுரை எழுதும் காலம். தம் கையெழுத்தைப் போட்டுத் தமக்கு மதிப்புக்குரிய ஒருவரின் மேசைக்கு அனுப்பப்போகும் படி என்றால், எழுதுகிறவர் ஒவ்வொரு வரிக்கும் இருமுறை யோசிப்பார். அந்த நாணம் எத்தனையோ விதிகள் செய்ய முடியாததைச் செய்தது.

இருந்தாலும் வம்சம் அற்றுப்போகவில்லை. இந்திய அறிவியல் கழகம் 2002இலேயே தன் ஆய்வாளர்களின் கட்டுரைகளுக்கு ஒரு திறந்த சேமிப்பகத்தை அமைத்தது. ராமன் 1934இல் நிறுவிய இந்திய அறிவியல் அகாதெமி தன் இதழ்களை எவரும் படிக்கலாம் என்று இணையத்தில் வைத்தது. கோயம்புத்தூரிலிருந்து வரும் 'ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்டு டாக்ஸா', காட்டுயிர் ஆய்வுகளைப் படிப்பவருக்கு இலவசமாகவே தருகிறது. ஏழை நாட்டு ஆய்வாளருக்கும் அறிவு எட்டவேண்டும் என்று சென்னையிலிருந்து பல்லாண்டு வாதாடிய சுப்பையா அருணாசலம் போன்றவர்கள், ரீப்ரிண்ட் தன் வாழ்நாளெல்லாம் செய்ததையே புதிய கருவிகளோடு தொடரச் சொன்னார்கள். இன்றும் ஒரு கட்டுரைக்காக ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதினால் பெரும்பாலும் பிடிஎஃப் வந்துவிடுகிறது. பழைய இரத்தம் அதில் ஓடுகிறது.

ரீப்ரிண்டுக்கு நாம் செய்யக்கூடிய கருமம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அஞ்செட்டியிலிருந்து ஒருவர் கேட்டாலும் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஒருவர் கேட்டாலும், கேட்டதையே தகுதியாக எண்ணி அது தன்னைக் கொடுத்தது. நாடு எத்தனை கோடி செலவிட்டு எத்தனை சந்தா வாங்கினாலும், ஒரு மனிதர் தனியாக நின்று ஓர் ஆய்வைக் கேட்கும்போது அது அவருக்குக் கிடைக்குமா என்பதே நம் பதிப்புலகத்தை அளக்கவேண்டிய அளவுகோல். அந்த அளவுகோலைத் தன் வாழ்நாளெல்லாம் காப்பாற்றித் தந்துவிட்டுப் போன அந்த மூத்த உயிருக்கு நம் வணக்கம்.